கண்ட்ரோல் லைன் விமானத்துக்குப் புரொப்பல்லர் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைதானத்தின் நடுவில் ஒருவர் கைப்பிடியோடு நிற்பார். அதிலிருந்து இரண்டு மெல்லிய ஸ்டீல் கம்பிகள் போகும். மறுமுனையில் சின்ன விமானம் வட்டமடித்துப் பறக்கும். கையைச் சாய்த்தால் வாலில் உள்ள எலிவேட்டர் தட்டு அசையும். விமானம் ஏறும், இறங்கும், லூப் அடிக்கும். இதுதான் கண்ட்ரோல் லைன். அமெரிக்காவில் ஜிம் வாக்கர் 1940களில் இதைப் பிரபலமாக்கினார். ரேடியோ மலிவாகி எல்லோரும் அந்தப் பக்கம் போன பிறகும் கம்பியில் விமானத்தின் இழுப்பைக் கையில் உணர்ந்தவர்கள் இதை விடுவதில்லை.

நாகர்கோவில் பக்கம் கும்பப்பூ அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எங்களுக்கு இடம் கிடைத்துவிடும். மற்ற மாதங்களில் பள்ளி மைதானம். பழக வரும் பிள்ளைகளும், விடுமுறைக்கு ஊருக்கு வரும் என்சிசி ஏர் விங் மாணவர்களும், கூட வரும் பெற்றோரும் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். புரொப்பல்லரைப் பிள்ளைகள் காத்தாடி என்பார்கள், நாங்கள் பிராப் என்போம்.

பிராப்பில் 10×6 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

முதல் எண் விட்டம், இரண்டாவது எண் பிட்ச். இரண்டும் அங்குலத்தில். ஐரோப்பியத் தயாரிப்புகள் சிலவற்றில் சென்டிமீட்டரிலும் இருக்கும். 20×10 என்று பார்த்தால் அது ஏறக்குறைய 8×4, பயப்பட வேண்டாம்.

விட்டம் புரிந்துவிடும். பிட்ச்சுக்கு ஒரு போல்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நட்டை ஒரு சுற்று சுற்றினால் மரை அளவுக்கு முன்னே போகும். அதுபோல பிராப் காற்றில் வழுக்காமல் ஒரு சுற்று சுற்றினால் எத்தனை அங்குலம் முன்னே போகுமோ அதுதான் பிட்ச். 6 என்றால் ஒரு சுற்றுக்கு 6 அங்குலம்.

றெக்கை ஏன் முறுக்கியிருக்கிறது என்றும் கூடவே கேட்பார்கள். ஆரல்வாய்மொழி தாண்டும்போது முப்பந்தல் காற்றாலைகளின் றெக்கையைக் கவனியுங்கள். நடுவில் ஒரு கோணம், நுனியில் வேறு கோணம். நுனி ஒரு சுற்றில் பெரிய வட்டம் போடுகிறது, நடுப்பகுதி சின்ன வட்டம் போடுகிறது. இரண்டும் ஒரே தூரம் முன்னே போக வேண்டும் என்றால் நடுவில் கோணம் செங்குத்தாகவும் நுனியில் படுத்தும் இருந்தாக வேண்டும். காற்றாலை காற்றிலிருந்து சக்தியை எடுக்கிறது, நம் பிராப் காற்றுக்குச் சக்தியைக் கொடுக்கிறது. முறுக்குக்கான காரணம் இரண்டுக்கும் ஒன்றே.

என் இன்ஜினுக்கு எந்த அளவில் தொடங்கலாம்?

0.8 சிசி (கன அங்குலக் கணக்கில் .049, காக்ஸ் இன்ஜின் மாதிரி) என்றால் 6×3 அல்லது 5×3. 2.5 சிசி, அதாவது .15 இன்ஜினுக்குப் பழகும்போது 8×4. கை தேறிய பின் 8×5, 8×6. ஓஎஸ் எல்ஏ 25 போன்ற 4 சிசி இன்ஜினுக்கு 9×4 அருமையாகப் பொருந்தும். ஃபாக்ஸ் 35, ஓஎஸ் 35 எஸ் போன்ற பழைய ஸ்டன்ட் (வித்தைப் பறத்தல்) இன்ஜின்களுக்கு 10×6 அல்லது 10×5. 6.5 சிசி, அதாவது .40க்கு 10×6இல் தொடங்கலாம். எல்ஏ 46க்கு 11×5.

இவை தொடங்கும் இடம்தான். இதிலிருந்து எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை உங்கள் விமானத்தின் எடை, கம்பியின் நீளம், உங்கள் கை மூன்றும் சேர்ந்து சொல்லும்.

எந்தப் பிராப்பில் டாக்கோமீட்டர் அதிகமாகக் காட்டுகிறதோ அதுதானே நல்லது?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் தகும். தரையில் கட்டி வைத்து ஓட்டும்போது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று டாக்கோமீட்டர் காட்டுவதை வைத்துக் கண்ட்ரோல் லைன் பிராப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒரு வட்டத்துக்கு எத்தனை விநாடி, கைப்பிடியில் எவ்வளவு இழுப்பு, இந்த இரண்டையும் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்காகவே பார்ப்போம். 60 அடிக் கம்பி, அதோடு நீட்டிய கை; ஆரம் 19.2 மீட்டர் வரும். ஒரு வட்டம் 120 மீட்டருக்குச் சற்று அதிகம். 5.2 விநாடியில் சுற்றினால் வேகம் மணிக்கு 83 கிலோமீட்டர் சொச்சம். விமானம் 1.2 கிலோ எடை என்றால் கம்பியில் இழுப்பு சுமார் 3.4 கிலோ. அதே விமானம் 6 விநாடிக்கு ஒரு வட்டம் என்று மெதுவானால் இழுப்பு 2.6 கிலோவாகிவிடும். 0.8 விநாடி வித்தியாசத்தில் கால் பங்கு இழுப்பு போய்விட்டது. தலைக்கு மேலே கொண்டுபோகும்போது புவியீர்ப்பு அதிலும் கொஞ்சம் தின்னும். அப்போது கம்பி தொய்ந்தால் கைப்பிடிக்கும் எலிவேட்டருக்கும் தொடர்பு அறுந்தது என்று அர்த்தம். புதிதாக வருபவர்களின் விமானம் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

வேகம் கூடினாலும் சிக்கல்தான். 2.5 சிசி பயிற்சி விமானத்துக்கு 50 அடிக் கம்பி போட்டால், கையும் சேர்த்து வட்டம் ஏறக்குறைய சரியாக 100 மீட்டர். 8×4 பிராப் நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஓடினால் பிட்ச் கணக்கில் மணிக்கு 73 கிலோமீட்டர், அதாவது வட்டத்துக்கு 5 விநாடி. அதே இன்ஜினில் 8×6 போட்டு 10,500 சுற்று வந்தால் 96 கிலோமீட்டர். வட்டத்துக்கு 4 விநாடிகூட இல்லை. பத்து வட்டத்தில் பிள்ளைக்குத் தலை சுற்றும். டாக்கோமீட்டர் சரியாகவே காட்டும், பிள்ளை மட்டும் தரையில் உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கணக்கை நீங்களே போடலாம். நிமிடச் சுற்றைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, 0.001524ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பறக்கும்போது பிராப்பின் சுமை குறையும், இன்ஜின் தரையில் காட்டியதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அதனால் கணக்கு ஒரு கைகாட்டிதான். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து வட்டத்துக்கு நேரம் எடுத்துப் பத்தால் வகுப்பதே கடைசித் தீர்ப்பு.

சரி, டாக்கோமீட்டர் தேவையே இல்லையா என்றால் தேவை. நேற்று ஓடிய மாதிரி இன்றும் ஓடுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கப் பழைய சோக் வைத்த டியூப்லைட்டை நோக்கிப் பிடியுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். இரண்டு றெக்கை என்று செட் செய்திருந்தால் 3,000 காட்ட வேண்டும்.

ஒரு அங்குலம் விட்டம் கூட்டினால் ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

அவசரத்துக்குச் சொல்லலாம். ஆனால் சுமை சமமாக இருக்காது. பிராப் இன்ஜின்மேல் வைக்கும் சுமையை ஒப்பிட, விட்டத்தை அதனாலேயே பெருக்கி நான்கு தடவை அடுக்கி (10×10×10×10 மாதிரி), அதைப் பிட்ச்சால் பெருக்குங்கள். 10×6க்கு 60,000 வரும். 11×5க்கு சுமார் 73,000. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. 11×4 போட்டால் 58,500. அதுதான் 10×6க்குப் பக்கத்தில் வருகிறது. அதேபோல 8×6க்கு 24,600, 9×4க்கு 26,200. இவை இரண்டும் இன்ஜினுக்குக் கிட்டத்தட்ட ஒரே சுமை, ஆனால் விமானத்துக்கு முற்றிலும் வேறு. ஒன்று ஓடும், மற்றது இழுக்கும்.

ஒரே கம்பெனி, ஒரே வகை பிராப்களுக்குள் ஒப்பிட்டால்தான் இந்தக் கணக்கு உதவும். றெக்கை அகலம் மாறினால் சுமையும் மாறும்.

இதிலிருந்து ஒரு கைவேலையும் கிடைக்கிறது. 10 அங்குலப் பிராப்பின் இரு நுனியிலும் 3 மில்லிமீட்டர் வீதம் குறைத்தால் சுமை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கொஞ்சமே கொஞ்சம் பாரமாகத் தெரிகிற பிராப்பைத் தூக்கிப் போடாமல் இப்படி வசத்துக்குக் கொண்டு வரலாம். அதன்பின் பேலன்ஸ் கட்டாயம்.

பிராப் பாரமா, லேசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முட்டத்திலோ குளச்சலிலோ அவுட்போர்டு இன்ஜின் வைத்து வள்ளம் ஓட்டுபவரிடம் பேசிப் பாருங்கள். வலையும் ஐஸும் ஏற்றிய வள்ளத்தில் பெரிய பிட்ச் பிராப் போட்டால் இன்ஜின் முக்கும், சுற்று ஏறாது, சூடாகும் என்று அவரே சொல்லிவிடுவார். நம் இன்ஜினும் அதேதான். மட்டமாகப் பறக்கும்போதே சத்தம் தளர்ந்து, ஏறும்போது இன்னும் விழுந்து, நீடிலை (எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திறந்தால் மட்டும் தாங்குகிறது என்றால் பிராப் பாரம். இன்ஜின் அலறிக்கொண்டு ஓடியும் விமானம் சோம்பலாகப் போனால் பிராப் லேசு. அப்படியே விட்டால் கனெக்டிங் ராடும் பேரிங்கும் தேயும்.

ஸ்டன்ட்டுக்குப் பழைய இன்ஜின் வைத்திருப்பவர்கள் காதைப் பழக்க வேண்டும். ஃபாக்ஸ் 35 மாதிரி இன்ஜினில் 10×6 போட்டு, மட்டமாகப் பறக்கையில் சற்று ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக), ஒன்றுவிட்டு ஒரு சுற்று வெடிக்கிற கரகரச் சத்தத்தில் வைப்பார்கள். மூக்கைத் தூக்கியதும் சத்தம் ஒருசீராகி வலு ஏறும், இறங்கும்போது மறுபடி கரகர. விமானம் தானே கியர் மாற்றுவதுபோல இருக்கும். பிராப் தவறினால் இந்த மாற்றம் வரவே வராது, அல்லது வந்தால் திரும்பாது. பிந்தைய இன்ஜின்கள் 4 அங்குலம் சுற்றிலான பிட்ச்சில் வேகமாகச் சுற்றி, ஒரே சத்தத்தில் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை. அவற்றில் பழைய சத்தத்தைத் தேடி 6 பிட்ச் போடாதீர்கள்.

ரேடியோ விமானம் விடும் நண்பர் 11×7 போடச் சொல்கிறார்.

அவர் விமானத்துக்கு அது சரியாக இருக்கலாம். அவர் நேராகப் போகிறார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திராட்டில் வைத்திருக்கிறார், கம்பி இழுக்கும் காற்றுத்தடை அவருக்குக் கிடையாது. நமக்கு இரண்டு கம்பிகளையும் காற்றில் இழுத்துக்கொண்டே சுற்ற வேண்டும். பறக்கும் நேரம் முழுக்க ஒரே திராட்டில்.

ஆனி, ஆடிக் காற்றில் எந்தப் பிராப்?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தோவாளைப் பக்கம் விமானம் விடுவதையே நான் தவிர்ப்பேன். காற்றாலை மின்கம்பிகள் அங்கே எங்கும் இருக்கின்றன. நம் ஸ்டீல் கம்பி மின்கம்பியில் பட்டால் உயிர் போகும். பிராப்பைப் பற்றிய கேள்விக்கு நடுவில் இதைச் சொல்வது இதனால்தான்: மின்கம்பி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தாலே அங்கே கம்பியை விரிக்காதீர்கள். இடியோடு மழை வரும் ஐப்பசி மாலைகளிலும் அதே விதி.

நல்ல மைதானத்தில் மிதமான காற்று என்றால் பிட்ச்சைக் குறையுங்கள். தொடர்ந்து லூப் போடும்போது காற்று தள்ளித் தள்ளி விமானம் ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் ஏறும். குறைந்த பிட்ச் பிராப் இறங்கும்போது பிரேக் மாதிரி பிடித்துக்கொள்ளும். 10×6இலிருந்து 10×5க்கு மாறினாலே கையில் தெரியும். விட்டத்தைக் குறைத்துப் பிட்ச்சைக் கூட்டுவது காற்றில் செய்யக்கூடாத மாற்றம்.

மரமா, நைலானா, கார்பனா?

பழகும் பிள்ளைக்கு நைலான் வகை. கை தேறியவருக்கு மரம் அல்லது கார்பன். இதற்குமேல் காரணங்கள்.

மரப் பிராப் லேசானது, கெட்டியானது, அதிர்வை உறிஞ்சும். தரையில் பட்டால் முறிந்துவிடும். ஆனால் அது முறிவதால் கிராங்க் ஷாஃப்ட் தப்பிக்கிறது. வெளிநாட்டில் பீச், மேப்பிள் மரத்தில் செய்வார்கள். நம் ஊர் ஈரத்தில் மரம் உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும்; போன வாரம் முறுக்கிய நட் இந்த வாரம் தளர்ந்திருக்கும். ஒவ்வொரு நாளும் முதல் ரன்னுக்கு முன் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். சாதாரண வார்னிஷை மெத்தனால் எரிபொருள் கரைத்துவிடும், இரண்டு பகுதி கலக்கும் எப்பாக்சி பூசுங்கள்.

எடை குறைவதில் இன்னொரு லாபமும் உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. சுற்றுகிற பிராப் ஒரு பம்பரம். விமானம் சட்டென்று மூக்கைத் தூக்கினால் பம்பர விசை மூக்கை வட்டத்துக்கு வெளியே தள்ளும், கம்பி இறுகும். சட்டென்று மூக்கைத் தாழ்த்தினால் உள்ளே தள்ளும், கம்பி தளரும். சதுர லூப்பில் மேல்நோக்கிய மூலைகள் நன்றாகவும் தலைகீழ் மூலைகள் மோசமாகவும் வந்தால் பழியை உடனே கையின்மேல் போடாமல், அதே அளவில் எடை குறைந்த பிராப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

வெறும் நைலான் ஈரம் உள்ளவரை வளையும், காய்ந்தால் முறியும். ஓட்டுவீட்டுப் பரணில் பத்து வருஷம் சூட்டில் கிடந்த நைலான் பிராப்பை அப்படியே மாட்டாதீர்கள். அரைமணி நேரம் கொதிநீரில் போட்டு எடுத்தால் ஈரம் ஏறி மறுபடி வளைந்து கொடுக்கும். அப்போதும் சின்ன இன்ஜினுக்கு மட்டும். வேகமாகச் சுற்றும் இன்ஜினுக்குக் கண்ணாடி நார் கலந்த வகைதான். ஏ.பி.சி. பிராப்கள் இந்தக் கலப்பு வகை. விலைக்கு நன்றாக இழுக்கும். அச்சிலிருந்து வரும்போதே ஓரம் கத்திபோல இருக்கும், மாட்டுவதற்கு முன் நைஸ் உப்புத்தாளில் ஓரத்தை லேசாக வருடிவிடுங்கள். என் கட்டைவிரலில் இருக்கும் தழும்பு அப்படி வருடாத ஒரு நாளில் வந்தது.

புதுப் பிராப்புக்கும் பேலன்ஸ் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். பேலன்ஸ் இல்லாத பிராப் முதலில் கெடுப்பது எரிபொருளை. அதிர்வில் டாங்குக்குள் நுரை கட்டும், நுரை குழாயில் போகும், இன்ஜின் லீனாகி (எரிபொருள் போதாமல்) நடுவானில் துப்பும். நீடிலைத் திருகித் திருகிக் களைத்துப்போய் ‘இன்ஜின் சரியில்லை’ என்று வருபவர்களிடம் நான் முதலில் பிராப்பைக் கழற்றத்தான் சொல்வேன்.

பேலன்சர் வாங்கலாம். இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம். ஒரே உயரமுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளரை நாலு விரல் இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சவரபிளேடை, கூர் ஓரம் மேலே வரும்படி டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு ஓரமும் ஒரே மட்டத்தில், இணையாக இருக்க வேண்டும். பிராப் துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் நேரான ஸ்டீல் கம்பியைச் செருகி, கம்பியின் இரு முனைகளையும் பிளேடுகள்மேல் வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். இங்கே கடற்காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும், அதையும் சாத்துங்கள். பிராப்பைப் படுக்கையாக விட்டால் எந்த றெக்கை மெல்ல இறங்குகிறதோ அது பாரம்.

பாரமான றெக்கையின் முன்பக்கத்தில், அதாவது வளைவான பக்கத்தில், நுனியை ஒட்டி உப்புத்தாளால் தேயுங்கள். பின்பக்கத் தட்டைப் பரப்பைத் தொடாதீர்கள், பிட்ச் அங்கேதான் இருக்கிறது. நாலு தேய், ஒரு பார்வை. படுக்கையாக நின்றபின் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். ஒரே பக்கமாகச் சாய்ந்தால் நடுக்கட்டையின் அந்தப் பக்கம் பாரம். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிற நிலை வரும்போது மனதுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையை நான் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்து வைப்பேன்.

துளை சிறியதாக இருக்கிறது. லேத்தில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் கையில் பிடித்து டிரில் போடுபவரிடம் கொடுக்காதீர்கள். துளை அரை மில்லிமீட்டர் விலகினாலும் மேலே சொன்ன அதிர்வுதான். படிப்படியாகப் பெரிதாகும் ரீமர் வாங்கிவைத்தால் காலத்துக்கும் உதவும். துளை பெரியதாக இருந்தால் அளவான புஷ் (உள்ளே செருகும் வளையம்) வேண்டும். டேப் சுற்றி மாட்டாதீர்கள்.

அச்சிட்ட பிட்ச் உண்மையா?

பல நேரம் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே அளவு, இரண்டு பிராப். ஒன்றில் வட்டத்துக்கு 5.1 விநாடி, மற்றதில் 5.4 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒரு பிராப்பின் இரு றெக்கைகளே சமமாக இல்லாததும் உண்டு.

அளந்து பார்ப்பது எளிது. பிராப்பைக் கண்ணாடித் தகட்டின்மேல் பின்பக்கம் கீழே வரும்படி வைத்து, மையத்திலிருந்து முக்கால் பங்கு தூரத்தில் ஒரு கோடு போடுங்கள். 10 அங்குலப் பிராப்புக்கு அது 3.75 அங்குலம். அந்த இடத்தில் றெக்கையின் பின்பரப்பு தகட்டோடு எவ்வளவு கோணம் என்று பள்ளிப் பிள்ளையின் கோணமானியால் பாருங்கள். 6 பிட்ச் என்றால் 14 டிகிரிக்குச் சற்று மேலே வர வேண்டும். நடுவிலிருந்து 2 அங்குலத்தில் 25 டிகிரி, நுனியில் 11 டிகிரி. சூத்திரம் வேண்டுவோருக்கு: ஆரத்தை 6.28ஆல் பெருக்கி, கோணத்தின் டான் மதிப்பால் பெருக்கினால் பிட்ச். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் டிரிக்னாமெட்ரி எதற்கு என்று கேட்டால் நான் கோணமானியைக் கையில் கொடுத்துவிடுவேன்.

பழைய டீசல் இன்ஜின் ஒன்று கிடைத்தது. அதே பிராப் போடலாமா?

கல்கத்தாவில் செய்த அரோரா டீசல் இன்றும் சில அலமாரிகளில் இருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலவையில் ஓடுகிற இந்த இன்ஜின்கள் மெதுவாகச் சுற்றி நன்றாக இழுக்கும். அதே சிசி குளோ (மெத்தனாலில் ஓடும்) இன்ஜினுக்குப் போடுவதைவிட ஒரு அங்குலம் பெரிய பிராப்பைத் தாங்கும். 2.5 சிசிக்கு 9×4 நல்ல தொடக்கம். பெரிய பிராப் மாட்டியதும் மேலே இருக்கும் கம்ப்ரஷன் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள், சின்னது மாட்டினால் கொஞ்சம் இறுக்குங்கள். மறந்தால் இன்ஜின் முக்கும், விரலையும் அடிக்கும்.

சின்னக் கீறல்தான், ஒட்டிப் போடலாமா?

கூடாது. 10 கிராம் எடையுள்ள ஒரு றெக்கை, அதன் எடைமையம் நடுவிலிருந்து 5 சென்டிமீட்டரில் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 10,000 சுற்றில் அது வேரோடு பிய்த்துக்கொள்ள இழுக்கும் விசை சுமார் 56 கிலோ எடைக்குச் சமம். ஒரு ஆள் அந்த றெக்கையில் தொங்குவது மாதிரி.

எனக்கே நடந்தது. நைலான் பிராப் ஒன்றின் அடியில் மயிரிழை அளவு கீறல். அன்று கையில் வேறு இல்லை, சூப்பர் குளூ விட்டேன். இரண்டு ரன் ஓடியது. மூன்றாவது ரன்னில், விமானத்தைப் பிடித்திருந்த பையன் கையை விடுவதற்கு முன்பே ‘டப்’ என்றது. றெக்கை பக்கத்துத் தென்னந்தோப்பின் ஓலை வேலியைத் துளைத்துப் போயிருந்தது. ஒற்றை றெக்கையோடு சுற்றிய இன்ஜின் மவுண்டிலிருந்து இரண்டு போல்ட்டைப் பிய்த்துவிட்டது. பையன் பின்னால் நின்றான், அதனால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து கீறல் விட்ட பிராப்பை அங்கேயே இரண்டாக உடைத்துவிடுகிறேன், யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது.

ஓரத்தில் சின்னப் பல் விழுந்தால் மட்டும் தேய்த்துச் சரிசெய்து, எதிர் றெக்கையையும் அதே அளவு தேய்த்து, பேலன்ஸ் பார்த்து ஓட்டலாம். அறுவடை வயலில் தாள்கட்டையில் உரசி இது அடிக்கடி நடக்கும்.

சொத்தவிளை, சங்குத்துறை மணலில் விடலாமா?

பறக்க இடம் அருமை, இன்ஜினுக்கு ஆகாது. நம் கடற்கரை மணலில், குறிப்பாக மணவாளக்குறிச்சிப் பக்கம், இல்மனைட்டும் கார்னெட்டும் நிறைய. கெட்டியான மணிகள். பிராப் கிளப்பும் மணல் றெக்கையின் முன் ஓரத்தை அரித்து, கார்புரேட்டர் வழியே போய் சிலிண்டரையும் அரிக்கும். விடத்தான் வேண்டும் என்றால் பெரிய தார்ப்பாய் விரித்து அதிலிருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் உப்புக்காற்றுக்காக ஷாஃப்ட்டிலும் நட்டிலும் எண்ணெய்.

மூன்று றெக்கை பிராப்?

தரை இடைவெளி குறைவாக இருந்தால் நல்லது. விட்டத்தை ஒரு அங்குலம் குறைத்து வாங்குங்கள். உடைந்தால் செலவு அதிகம், பழகும்போது வேண்டாம்.

எலக்ட்ரிக் பிராப்பை குளோ இன்ஜினில் மாட்டலாமா?

வேண்டாம். அவை மெல்லியவை, வெடித்து வெடித்து ஓடும் இன்ஜினின் உதறலுக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஏ.பி.சி. தன் குளோ பிராப்களுக்குச் சொல்லும் உச்சவரம்பு 1,90,000ஐ விட்டத்தால் வகுத்தால் வருவது. 10 அங்குலத்துக்கு 19,000 சுற்று. அதே கம்பெனியின் ஸ்லோ ஃப்ளை எலக்ட்ரிக் வகைக்கு 65,000தான் கணக்கு. 10 அங்குலத்துக்கு 6,500. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பெட்டியைப் படித்து வாங்குங்கள்.

எந்தப் பக்கம் முன்னே?

எண் எழுதியிருக்கும் வளைவான பக்கம் முன்னே. பின்பக்கம் திருப்பி மாட்டினாலும் விமானம் கொஞ்சம் இழுக்கும், அதனால்தான் பலருக்குத் தவறு தெரிவதில்லை.

என் மகளுக்குப் பதிமூன்று வயது. விரல் பத்திரமாக இருக்குமா, அண்ணாச்சி?

கேட்டதற்கு நன்றி, கேட்காத அப்பாக்களே அதிகம். வெறும் விரலால் தட்டி ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். ஒரு முழ நீளக் கம்பில் தடித்த ரப்பர் குழாயைச் செருகினால் போதும், அதனால் தட்டலாம். ஸ்டார்ட் ஆனதும் நீடிலைச் சரிசெய்ய முன்னாலிருந்து கையை நீட்டாமல் சுற்றிப் பின்னால் போக வேண்டும். பிராப் சுற்றும் தளத்தில், அதாவது பக்கவாட்டில், யாரும் நிற்கக் கூடாது. இரு நுனியிலும் ஒரு அங்குலம் மஞ்சள் பெயின்ட் அடித்தால் சுற்றும் வட்டம் கண்ணுக்குத் தெரியும். தொங்கும் சங்கிலி, துப்பட்டா, அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கைப்பிடியை மணிக்கட்டோடு கட்டும் வாரும் மறக்கக் கூடாது.

எந்த நிலையில் வைத்து நட்டை முறுக்குவது?

பிராப்பைக் கையால் சுற்றுங்கள். கம்ப்ரஷன் இடிக்கும் இடத்தில் பிராப் படுக்கையாக வரும்படி மாட்டி முறுக்குங்கள். எரிபொருள் தீர்ந்து இன்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் அந்த இடத்திலேயே, படுத்த நிலையில் நிற்கும். விமானம் வயிற்றால் இறங்கினாலும் பிராப் பிழைக்கும். பிளையர் வேண்டாம், ஸ்பேனர்.

முதலில் எத்தனை வாங்கி வைக்கலாம்?

பழகும் பிள்ளைக்கு ஒரே கம்பெனி, ஒரே அளவில் ஐந்து. விதவிதமாக வாங்கினால் ஒவ்வொன்று உடையும்போதும் விமானம் வேறு மாதிரி பறக்கும், பிள்ளை எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஐந்தாவது பிராப் உடையாமல் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் அதே விட்டத்தில் ஒரு பிட்ச் கூட ஒன்று, குறைய ஒன்று வாங்குங்கள். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிராப் மாற்றிய நாளில் எரிபொருளையும் கம்பி நீளத்தையும் தொடாதீர்கள். தேதி, பிராப், தரைச் சுற்று, பத்து வட்ட நேரம், காற்று, கையில் இழுப்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி. பிள்ளையே தன் கையெழுத்தில் எழுதட்டும்.